மஞ்சள் காப்புரிமை வழக்கு

மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு அமெரிக்கா வழங்கிய காப்புரிமையை இந்தியா எதிர்த்து ரத்துசெய்ய வைத்த வழக்கு இது (1995–1997). அறிவுசார் சொத்துரிமை என்ற பேச்சு இந்தியாவில் வழக்கறிஞர் அலுவலகங்களைத் தாண்டிப் பொதுமக்களிடம் வந்து சேர்ந்ததில் இவ்வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

1995 மார்ச்சில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 5,401,504 என்ற எண்ணுள்ள காப்புரிமையைப் பெற்றது. மஞ்சள்தூளைக் காயத்தின் மேல் இடுவது, உள்ளுக்குக் கொடுப்பது, இரண்டையும் சேர்த்துச் செய்வது ஆகியவை அதில் கோரப்பட்ட உரிமைகள். முட்டி சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு மஞ்சளை இழைத்துப் பற்றுப் போடும் எந்த வீட்டுக்கும் இது புதிதல்ல.

ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டம், வேறு நாட்டில் ஒன்று வழக்கத்தில் இருப்பதைச் சான்றாக ஏற்கவில்லை. அது அச்சில் வெளியாகியிருக்க வேண்டும்; இல்லையேல் காப்புரிமை பெற்றிருக்க வேண்டும். கோடிக்கணக்கானோர் கைப்பழக்கமாக வைத்திருந்த அறிவு சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போனது இப்படித்தான். 1996 அக்டோபரில் மறு ஆய்வு கோரிய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் (சி.எஸ்.ஐ.ஆர்.) அதனால் ஏடுகளைத் தேடிப் போக வேண்டியிருந்தது. சமஸ்கிருதம், இந்தி, உருது நூல்கள் உட்பட 32 சான்றுகள் திரட்டப்பட்டன. 1953-இல் இந்திய மருத்துவ சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையும் அவற்றில் அடக்கம். 1997 ஆகஸ்டில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அந்தக் காப்புரிமையில் கோரப்பட்ட உரிமைகள் அனைத்தையும் நிராகரித்தது. அன்றைய சி.எஸ்.ஐ.ஆர். தலைமை இயக்குநர் ஆர். ஏ. மஷேல்கர்.

ரத்தானது ஒரே ஒரு காப்புரிமைதான். அதில் பெரிய பண இழப்பு எதுவும் தவிர்க்கப்படவில்லை. எழுதிவைக்காத அறிவுக்குக் காவல் இல்லை என்பதை நாடு புரிந்துகொண்டதே இவ்வழக்கின் உண்மையான பயன். 2001-இல் தொடங்கிய மரபுவழி அறிவு மின்னூலகம் ஆயுர்வேத, யுனானி, சித்த மருத்துவக் குறிப்புகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் தொகுத்து, காப்புரிமை அலுவலகங்கள் ஒப்பந்தப்படி பார்க்க வகைசெய்தது. தமிழில் இருந்த சித்த மருத்துவக் குறிப்புகள் அயல்நாட்டு ஆய்வாளரின் மேசைக்கு எட்டியது இந்த வழியாகத்தான். மரபறிவாகவே உள்ள ஒன்றுக்குக் காப்புரிமை இல்லை என்ற 3(p) பிரிவு 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்தது.

2016-இல் வெளியான தேசிய அறிவுசார் சொத்துரிமைக் கொள்கை, மக்களிடம் விழிப்புணர்வை வளர்ப்பதைத் தன் முதல் நோக்கமாக வைத்திருக்கிறது. பொதுமக்களிடம் இன்னும் பரவலாகப் போய்ச் சேர வேண்டிய செய்தி இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவில் இருக்கிறது: இந்தியாவில் விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின், காப்புரிமை வழங்கப்படும் முன், அதை எதிர்த்து எவரும் எழுத்து மூலம் முறையிடலாம்.