ஃபிராங்க் கேமெனியின் பரண்

அரசாங்கம் ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால் அதற்கு ஒரு கோப்பு இருக்கும். குற்றச்சாட்டு, விளக்கம் கேட்டு ஒரு மெமோ, பதில் திருப்தியில்லை என்று ஒரு குறிப்பு, கடைசியில் ஆணை, எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கோப்புகளோடு முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்பதால் சொல்கிறேன்: அந்தக் கோப்பு பத்திரமாக இருக்கும். நீக்கப்பட்டவர் வீட்டில் இருக்கும் காகிதம்தான் இருக்காது. வீடு மாறும்போது போய்விடும், கரையான் தின்றுவிடும், அல்லது அவர் காலமானபின் பிள்ளைகள் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவார்கள். ஐம்பது வருஷம் கழித்து யாராவது தேடிப் பார்த்தால் கிடைப்பது ஒரு பக்கத்துக் கதைதான்.

வாஷிங்டன் நகரில் ஒருவர் இந்த வழக்கத்துக்கு மாறாக இருந்தார். பெயர் ஃபிராங்க் கேமெனி. அவர் அனுப்பிய கடிதங்களின் கார்பன் நகல், அவருக்கு வந்த பதில், துண்டுப் பிரசுரம், வழக்குக் காகிதம், ஊர்வலத்தில் பிடித்த அட்டை எல்லாவற்றையும் வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார். பெரும் பகுதி பரணில். அந்தப் பரண் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது.

கேமெனி 1925-ல் நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் போர்முனையில் இருந்தார். திரும்பி வந்து ஹார்வர்டில் வானியலில் டாக்டர் பட்டம் பெற்றார். 1957-ல் ராணுவத்தின் வரைபடத் துறையில் வானியலாளராகச் சேர்ந்தார். அந்த வருஷம் அக்டோபரில்தான் ரஷ்யா ஸ்புட்னிக்கை விட்டது. அமெரிக்கா வானியல் படித்தவர்களை வலைவீசித் தேடிக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் இவரை அழைத்து, "உங்களைப் பற்றி எங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது" என்ற தோரணையில் விசாரித்தார்கள். தகவல் என்னவென்றால், அவர் தன்பாலீர்ப்பாளர், அதாவது ஆண்களிடம் ஈர்ப்பு கொண்ட ஆண். அது என் சொந்த விஷயம், வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். வருஷம் முடிவதற்குள் வேலை போயிற்று. அடுத்த மாதமே, மத்திய அரசில் எந்த வேலைக்கும் தகுதியற்றவர் என்றும் ஆணை வந்தது.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததல்ல. 1953-ல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் போட்ட 10450 எண் நிர்வாக ஆணை, "பாலியல் முறைகேடு" என்பதை அரசு வேலைக்குத் தகுதியின்மையாகச் சேர்த்திருந்தது. அதன் கீழ் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பெரும்பாலோர் சத்தமில்லாமல் ராஜினாமா கொடுத்துவிட்டு ஊரைப் பார்க்கப் போனார்கள். எதிர்த்தால் பெயர் பத்திரிகையில் வரும், வீட்டுக்குத் தெரியும், அடுத்த வேலையும் கிடைக்காது.

கேமெனி போகவில்லை. வழக்குப் போட்டார், கீழ்நீதிமன்றங்களில் தோற்றார். வழக்கறிஞர் விலகிக்கொண்டபின், உச்ச நீதிமன்றத்துக்கான மனுவைத் தானே உட்கார்ந்து எழுதினார். 1961-ல் நீதிமன்றம் அதை விசாரணைக்கே எடுக்க மறுத்தது. ஆனால் இந்தக் காரணத்துக்காக மக்களை இரண்டாந்தரக் குடிகளாக நடத்தக்கூடாது என்று அந்த நீதிமன்றத்தின் முன் எழுதி வைக்கப்பட்ட முதல் மனு அதுதான் என்று இன்று சொல்கிறார்கள். அந்த நாட்களில் ஒரு நாள் சாப்பாட்டுக்கு 20 சென்ட் என்று மாதக்கணக்கில் காலம் தள்ளினாராம். வானியலாளராக மீண்டும் வேலை பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

அதே வருஷம் நவம்பரில், ஜாக் நிக்கல்ஸ் என்பவரோடு சேர்ந்து வாஷிங்டன் மேட்டசைன் சங்கத்தைத் தொடங்கினார். அதன்பின் அவருடைய முக்கிய ஆயுதம் தட்டச்சு இயந்திரம். ஜனாதிபதிக்கு, அமைச்சர்களுக்கு, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். சங்கத்தின் செய்தி மடலை எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவருக்கே அனுப்பினார். ஹூவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று அந்த அலுவலகம் சொல்லியனுப்ப வேண்டியதாயிற்று. நாடே நடுங்கிய மனிதருக்குத் தபாலில் தொந்தரவு கொடுத்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்!

1965 ஏப்ரல் 17 அன்று வெள்ளை மாளிகை முன்னால் பத்துப் பேர் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். ஆண்கள் கோட்டு, டை, பெண்கள் பாவாடை என்று கண்டிப்பான உடை விதி. வேலை கேட்பவர்கள் வேலைக்குப் போகிறவர்கள் போலத் தெரிய வேண்டும் என்பது கேமெனியின் கணக்கு. அடுத்த சில மாதங்களில் அரசுப் பணியாளர்களுக்குப் பொறுப்பான சிவில் சர்வீஸ் கமிஷன் முன்பும் நின்றார்கள். சங்கத்தோடு பேச மறுத்துவந்த கமிஷன் அதன்பின் ஒரு கூட்டத்துக்கு ஒப்புக்கொண்டது. 1966 பிப்ரவரியில் கமிஷனின் தலைவர் ஜான் மேசி எழுத்தில் ஒரு பதில் அனுப்பினார். இப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் இருந்தால் மற்ற ஊழியர்களுக்கு அருவருப்பு ஏற்படும், ஆகவே அரசு வேலைக்கு இவர்கள் பொருத்தமில்லை என்பது அதன் சாரம். பக்கத்து நாற்காலிக்காரரின் முகச்சுளிப்பு, ஒருவரின் வேலையைப் பறிக்கக் காரணமாயிற்று. அந்தக் கடிதமும் பரணுக்குப் போயிற்று.

அரசியலையும் அவர் விடவில்லை. 1971-ல் வாஷிங்டன் நகரத்துக்கு நாடாளுமன்றக் கீழவையில் வாக்குரிமை இல்லாத ஒரு பிரதிநிதி இடம் வந்தபோது தேர்தலில் நின்றார். தான் யார் என்பதை மறைக்காமல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்ட முதல் ஆள் அவர். ஜெயித்தது வால்டர் ஃபாண்ட்ராய். ஆனால் அந்தப் பிரசாரத்தில் சேர்ந்த கூட்டம் கலையவில்லை, அதிலிருந்து ஒரு புதிய அமைப்பு பிறந்தது. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்காக முட்டி மோதியவர்களில் கேமெனி முக்கியமானவர். 1975-ல் சிவில் சர்வீஸ் கமிஷனும் தன் விதியை மாற்றியது. அதே வருஷம் மேயர் அவரை நகரத்தின் மனித உரிமைக் கமிஷனில் உறுப்பினராக்கினார்.

இனி காகிதங்களின் கதை. வேண்டியதெல்லாம் நடந்துவிட்டபின் இந்தக் குப்பை எதற்கு என்று நம்மில் பலர் கேட்டிருப்போம். கேமெனி கேட்கவில்லை. ஆனால் வயதும் ஏறிற்று, கையிலும் காசில்லை. பென்ஷன் வாங்கும் அளவுக்கு அரசு அவரை வேலையில் வைத்திருக்கவில்லையே! எண்பது வயதுக்காரர் தனியாக இருக்கும் வீட்டின் பரணில் காகிதப் பெட்டிகள் இருந்தால் என்னாகும் என்பது நமக்குத் தெரியும். கூரை ஒழுகினால் போதும், ஒரு மின்கசிவு போதும்.

அவருடைய நண்பர்கள் சார்லஸ் ஃபிரான்சிஸ், பாப் விட்டெக் இருவரும் இதைப் புரிந்துகொண்டு ஒரு திட்டம் போட்டார்கள். காகிதங்களை இனாமாக வாங்கிக்கொள்ளவில்லை. நன்கொடை திரட்டி, 75,000 டாலர் கொடுத்து விலைக்கு வாங்கி, 2006-ல் நாடாளுமன்ற நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. முதியவருக்குக் கையில் கொஞ்சம் பணம், காகிதத்துக்குக் குளிரூட்டிய அறை. வெள்ளை மாளிகை முன் பிடித்த அட்டைகள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின.

நூலகத்தின் கையெழுத்துப் பிரதிப் பிரிவில் இப்படி ஒரு குவியல் வந்தால் அதற்கென்று ஒரு முறை உண்டு. துருப்பிடிக்கும் கிளிப்புகளை எடுப்பார்கள், அமிலம் இல்லாத அட்டை உறைகளில் போடுவார்கள். உரியவர் எந்த ஒழுங்கில் வைத்திருந்தாரோ அதைக் கூடியவரை கலைக்க மாட்டார்கள், ஏனென்றால் எந்தக் கடிதம் எதன் பின்னால் வந்தது என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது. பிறகு எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு வழிகாட்டிப் பட்டியல் போடுவார்கள். நம் பதிவறைக்காரர்கள் செய்கிற வேலைதான். அவர்களுக்குத் தகுந்த மரியாதையும் சம்பளமும் அங்கே இருக்கிறது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. மேட்டசைன் சங்கத்தில் இருந்தவர்களில் பலர் புனைபெயரில்தான் இருந்தார்கள். உறுப்பினர் பட்டியல் போலீஸ் கையில் சிக்கினால் வேலையும் குடும்பமும் போகும் காலம். எத்தனையோ பேர் கடிதங்களைத் தாங்களே எரித்திருக்கிறார்கள், இறந்தவர்களின் கடிதங்களைக் குடும்ப மானத்துக்குப் பயந்து உறவினர்கள் எரித்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காகிதம் அன்று அவர்களுக்கு எதிரான சாட்சி. கேமெனி சொந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போட்டவர், இழப்பதற்கு வேலையும் மிச்சமில்லை. அதனால்தான் வைத்திருக்க முடிந்தது. அவர் வைத்திருந்ததில் எரித்தவர்களின் கதையும் கொஞ்சம் சேர்ந்தே பிழைத்திருக்கிறது.

இதே வழியில் இன்னொருவரின் காகிதமும் பிழைத்தது. சான்ஃபிரான்சிஸ்கோ நகரசபைக்கு 1977-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹார்வி மில்க், மறு வருஷம் நவம்பர் 27 அன்று மேயர் மஸ்கோனியோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். தன்னை யாராவது கொன்றால் போட்டுக் கேட்க வேண்டும் என்று ஒரு வருஷத்துக்கு முன்பே ஒலிநாடாவில் பேசி வைத்திருந்த மனிதர். அவருடைய காகிதங்களை, முன்பு துணைவராக இருந்த ஸ்காட் ஸ்மித் காப்பாற்றி வைத்திருந்தார். 1995-ல் ஸ்மித் காலமானபின் அவருடைய தாயார் எல்வா ஸ்மித் அவற்றை அந்த நகரத்துப் பொது நூலகத்துக்குக் கொடுத்தார். மகனின் தோழருடைய காகிதம் நமக்கெதற்கு என்று அந்த அம்மாள் நினைத்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? பிற்பாடு மில்க்கின் பேச்சுகள் புத்தகமாக வந்ததும் அந்தப் பெட்டிகளிலிருந்துதான்.

கேமெனியின் காகிதங்களுக்குத் தம் பயனைக் காட்ட அதிக நாள் ஆகவில்லை. சிவில் சர்வீஸ் கமிஷனின் இடத்தில் இப்போது இருப்பது அரசுப் பணியாளர் மேலாண்மை அலுவலகம். 2009-ல் அதன் தலைவராக வந்தவர் ஜான் பெர்ரி, தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகவே அறியப்பட்டவர். மேசியின் கடிதம் நாடாளுமன்ற நூலகத்தில் எவரும் பார்க்கும்படி இருந்தது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று மழுப்ப வழியில்லை. ஜூன் மாதம் பெர்ரி, அமெரிக்க அரசின் சார்பில் கேமெனியிடம் முறைப்படி எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். 52 வருஷம் கழித்து வந்த பதில். 84 வயது கேமெனி மன்னிப்பை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். அதே வருஷம் அவருடைய வீட்டையும் நகர நிர்வாகம் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 2011 அக்டோபர் 11 அன்று அவர் காலமானார்.

மன்னிப்பு சும்மா வரவில்லை என்பதைக் கவனியுங்கள். போராட்டம் விதியை மாற்றியது, அது 1975-லேயே முடிந்த கதை. ஆனால் "நாங்கள் செய்தது தவறு" என்று ஓர் அலுவலகம் சொல்ல வேண்டுமென்றால், அது செய்ததற்கு அதன் கையெழுத்தோடு ஆதாரம் வேண்டும். அது அலுவலகத்துக்கு வெளியே ஒருவரின் வீட்டிலும் இருந்தது. பின்னாளில் சார்லஸ் ஃபிரான்சிஸும் நண்பர்களும் மேட்டசைன் சங்கம் என்ற அதே பெயரில் ஒரு குழுவைத் தொடங்கி, அரசின் பழைய கோப்புகளைத் தேடித் தோண்டுவதையே வேலையாகச் செய்துவருகிறார்கள்.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பலர் என் வயதுக்காரர்கள். தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள், மொழிப் போராட்டத்தில் சிறை போனவர்கள், மேலதிகாரியோடு மல்லுக்கட்டி இடமாற்றம் வாங்கியவர்கள் நம்மிலும் இருக்கிறோம். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய நோட்டீஸ், மெமோ, கடிதக் கட்டு ஏதாவது இருந்தால், தயவுசெய்து மார்கழிக் கடைசி நாளில் போகிக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு கவரில் போட்டு, மேலே என்ன, எந்த வருஷம், யார் எழுதியது என்று பென்சிலால் குறித்து வையுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். நமக்குப் பின் அதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று ஒருவரிடமாவது இப்போதே சொல்லி வையுங்கள். அது பெற்ற பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.