க்னோம் 2 முதல் மாட்டே வரை: பழைய டெஸ்க்டாப் புதிய லினக்ஸில் நிலைத்த வரலாறு

லினக்ஸில் டெஸ்க்டாப் என்பது கர்னலோடு ஒட்டிப் பிறந்ததல்ல. மேலே தனி அடுக்காக அமர்வது. ஆகவே, பிடித்த டெஸ்க்டாப் எவ்வளவு பழையதானாலும் எந்தப் புதிய வெளியீட்டிலும் அதைப் பூட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பயனர்களிடையே வெகுகாலமாக உண்டு. 2008-இலும் 2011-இலும் அந்த நம்பிக்கை கடுமையாகச் சோதிக்கப்பட்டது. அவ்விரு சோதனைகளிலிருந்தும் பழைய டெஸ்க்டாப்கள் உயிரோடு மீண்டன. ஆனால் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தைத் தவிர அவற்றுள் பெரும்பகுதி மாற்றப்பட்ட பிறகே அவற்றால் நிலைக்க முடிந்தது என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

முதல் சோதனை கே.டி.இ. டெஸ்க்டாப்புக்கு வந்தது. மத்தியாஸ் எட்ரிச் 1996-இல் தொடங்கிய இத்திட்டம், 2005 நவம்பரில் வெளியான 3.5 பதிப்பில் முதிர்ச்சி பெற்றிருந்தது. 2008 ஜனவரியில் 4.0 வந்தது. அது அடிப்படையிலிருந்தே புதிதாக எழுதப்பட்டது. பல இடங்களில் முடிக்கப்படாமலும் இருந்தது. பலகத்தின் உயரத்தை அமைப்புச் சாளரத்தில் மாற்றிக்கொள்ளும் வசதிகூட அதில் இல்லை. இருந்தும் அதே ஆண்டு மே மாதம் ஃபெடோரா 9 என்ற லினக்ஸ் வழங்கல் அதையே தன் கே.டி.இ.யாக வழங்கியது. அக்டோபரில் வந்த குபுண்டு 8.10, 3.5-ஐக் கைவிட்டது. பழைய கே.டி.இ.யைப் புதிய குபுண்டுவில் தரும் முயற்சியைத் திமோதி பியர்சன் மேற்கொண்டார். 2010-இல் அது டிரினிட்டி என்ற தனித் திட்டமாக வளர்ந்தது. கே.டி.இ. 3.5-இன் அடித்தளமான க்யூடி 3 நிரலகத்தை அதன் உரிமையாளர்கள் கைவிட்டுவிட்டதால், டிரினிட்டிக் குழு அதையும் டிக்யூடி 3 என்ற பெயரில் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. புதிய கே.டி.இ.யின் கோப்புகளோடு மோதாதபடி எல்லாவற்றையும் ஆப்ட் அடைவின்கீழ் தனியிடத்தில் நிறுவியது. ஒரு டெஸ்க்டாப்பைக் காக்க அதன் அடித்தள நிரலகத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்ற பாடம் இங்கேதான் முதலில் தெளிவானது.

க்னோம் டெஸ்க்டாப்புக்கு வந்த இரண்டாவது சோதனை இன்னும் பெரிது. க்னோம் 2.0 வெளியானது 2002 ஜூனில். கடைசிப் பதிப்பான 2.32 வந்தது 2010 செப்டம்பரில். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் மேலே ஒரு பலகம், கீழே ஒரு பலகம், ‘பயன்பாடுகள்’ எனத் தொடங்கும் பட்டி என்ற அமைப்பு லட்சக்கணக்கானோருக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3.0 அதை முற்றிலும் அகற்றியது. சாளரத் தலைப்பில் சிறிதாக்கும் பொத்தான் காணவில்லை. கணினியை அணைக்கும் கட்டளை, பயனர் பட்டியைத் திறந்து ஆல்ட் விசையை அழுத்தினால்தான் கண்ணில் பட்டது. முப்பரிமாண வரைகலை ஆற்றல் இல்லாத கணினிகளுக்கென்று பழைய தோற்றத்தில் ஒரு மாற்று முறை தரப்பட்டது. அதிலும் பலகத்தை வலச்சொடுக்கினால் எதுவும் நடக்காது. ஆல்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். 2013 மார்ச்சில் வந்த 3.8 பதிப்பில் அந்த மாற்று முறையும் நீக்கப்பட்டது.

அப்படியானால் பழைய க்னோம் 2 பொதிகளையே புதிய வெளியீட்டில் நிறுவிக்கொண்டால் என்ன? இங்கே தடையாக நின்றது பெயர். பழைய பலகமும் புதிய பலகமும் ஒரே பெயருள்ள பொதிகள். இரண்டும் ஒரே அடைவில் ஒரே பெயரில் கோப்புகளை வைக்கின்றன. பொதி மேலாளர் இவற்றில் ஒன்றைத்தான் அனுமதிக்கும். கோப்பு மேலாளரான நாட்டிலஸுக்கும் இதே நிலைதான். பழையதை வலிந்து நிறுவினால் புதியதைச் சார்ந்த மற்றப் பொதிகள் உடையும். பழைய வெளியீட்டிலேயே தங்கிவிடும் வழியும் இருந்தது. ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு. உபுண்டு 10.04-இன் டெஸ்க்டாப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2013-இல் நின்றுபோயின.

2011 ஜூனில், பெர்பெரோஸ் என்ற புனைபெயருடைய அர்ஜென்டினாக்காரர் ஒருவர் ஆர்ச் லினக்ஸ் பயனர்களிடம் ஒரு தீர்வை முன்வைத்தார். க்னோம் 2-இன் மூலநிரலை எடுத்து, மோதக்கூடிய எல்லாவற்றுக்கும் வேறு பெயர் சூட்டிவிடுவதே அவருடைய வழி. நாட்டிலஸ் ‘காஹா’ ஆயிற்று. சாளர மேலாளரான மெட்டாசிட்டி ‘மார்கோ’ ஆயிற்று. ஜிஎடிட் ‘ப்ளூமா’ ஆயிற்று. மொத்தத் தொகுப்புக்கு ‘மாட்டே’ என்று பெயர். ஆயிரக்கணக்கான வரிகளில் சொற்களைத் தேடி மாற்றும் சலிப்பூட்டும் வேலை இது. ஆனால் இந்த முழு வரலாற்றின் திருப்புமுனையாக நான் கருதுவது இதைத்தான். க்னோம் 3-உம் மாட்டேயும் ஒரே கணினியில் அருகருகே இருக்கலாம் என்பது இதனால்தான் சாத்தியமாயிற்று. க்னோம் 2-இல் தன்னார்வலர்கள் செய்திருந்த தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்புகளும் அவ்வழியே மாட்டேக்குள் வந்து சேர்ந்தன. இத்தனைக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. க்னோமின் கட்டற்ற உரிமமே அதற்கு இடம் தந்திருந்தது.

பெயர் மாற்றம் மோதலைத் தீர்த்தது, முதுமையைத் தீர்க்கவில்லை. க்னோம் 2 நம்பியிருந்த ஜிகான்ஃப், பொனோபோ, க்னோம்-விஎஃப்எஸ் போன்ற நிரலகங்களைப் புதிய வழங்கல்கள் ஒவ்வொன்றாகக் கைகழுவி வந்தன. 2013 ஏப்ரலில் வெளியான மாட்டே 1.6 இவற்றின் வழித்தோன்றல்களை விலக்கி, ஜிசெட்டிங்ஸ், டி-பஸ், ஜிஐஓ ஆகியவற்றுக்கு மாறியது. டிரினிட்டி தன் பழைய நிரலகத்தைத் தானே பேணியது. மாட்டே மற்றவர்கள் பேணும் புதிய நிரலகங்களின்மேல் குடியேறியது. ஆட்பலம் குறைந்த ஒரு குழுவுக்கு இரண்டாவது வழியே நீடிக்கத்தக்கது என்பது என் மதிப்பீடு.

அவ்வழியில் மிகப் பெரிய வேலை, சாளரங்களையும் பொத்தான்களையும் வரையும் நிரலகமான ஜிடிகே 2-இலிருந்து ஜிடிகே 3-க்கு நகர்ந்ததுதான். 2015-இல் வந்த 1.10 பதிப்பில் தொடங்கி, இரண்டு நிரலகங்களிலும் தொகுக்கக்கூடிய வகையில் மாட்டேயின் மூலநிரல் திருத்தப்பட்டு வந்தது. இதற்கிடையே 2016 மார்ச்சில் வெளியான ஜிடிகே 3.20, தோற்றத் தொகுப்புகள் எழுதப்படும் முறையையே மாற்றியது. அதுவரை எழுதியிருந்தவற்றைத் திரும்ப எழுத வேண்டிய நிலை. 2017 மார்ச்சில், 1.18 பதிப்பில் ஜிடிகே 2 முழுமையாக விலக்கப்பட்டது. இத்தனை உழைப்புக்குப் பிறகும் திரையில் பயனர் கண்டது அதே இரண்டு பலகங்களைத்தான். அப்படி அவருக்கு எந்த மாற்றமும் தெரியாமல் போனதையே அக்குழுவின் மிகப் பெரிய சாதனை என்பேன்.

வழங்கல்களின் ஏற்பும் படிப்படியாக வந்தது. 2011 நவம்பரில் லினக்ஸ் மின்ட் 12 முன்வந்தது. 2015-இல் டெபியன் 8-இன் களஞ்சியத்தில் மாட்டே இடம்பெற்றது. அதே ஆண்டு உபுண்டு மாட்டே 15.04 உபுண்டுவின் அதிகாரபூர்வ வடிவங்களுள் ஒன்றானது. உபுண்டு மாட்டேயைத் தொடங்கியவர்கள் மார்ட்டின் விம்ப்ரெஸும் ஆலன் போப்பும்.

இப்போது மூன்றாவது சோதனை நடந்துகொண்டிருக்கிறது. எக்ஸ்11 என்னும் பழைய காட்சி முறையின் இடத்தை வேலண்ட் பிடித்து வருகிறது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, க்னோமின் எக்ஸ்11 அமர்வை நீக்கிவிட்டது. மாட்டேக்கு இதன் பொருள் கடுமையானது. பலகத்தில் திறந்த சாளரங்களைப் பட்டியலிடும் பகுதி லிப்வங்க் நிரலகத்தை நம்பியிருந்தது. அது எக்ஸ்11-க்காக எழுதப்பட்டது. 2021-இல் வந்த 1.26-இல் ப்ளூமா, முனையம், ஆவணக் காட்டியான அட்ரில் முதலியவை வேலண்டில் இயங்கும்படி செய்யப்பட்டன, 2024-இன் 1.28 அவ்வேலையைத் தொடர்ந்தது. ஆயினும் மார்கோ எக்ஸ்11-ஐ விட்டு நகரவில்லை. மாட்டேயை வேலண்டில் ஓட்ட விரும்புவோர் மார்கோவுக்குப் பதிலாக வேஃபயர் போன்ற வேறொரு சாளர மேலாளரை வைத்துக்கொள்கிறார்கள்.