இடம் குறைவு, தகுதியுள்ளோர் அதிகம்: கல்லூரிச் சேர்க்கையில் நீதியும் நாம் அறிய வேண்டிய விதிகளும்

குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன், ஜூலை மாதங்கள்தான் தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களும். தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை, வடகரை, புளியங்குடி, பொட்டல்புதூர் என நமது ஊர்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அந்நாட்களில் இரண்டே கேள்விகள்தான். ஒன்று, "சீட் கிடைக்குமா?" மற்றொன்று, "யாரைப் பார்த்தால் கிடைக்கும்?"

அரசு ஒதுக்கீட்டு இடங்களைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விக்கு அவசியமே இல்லை. மருத்துவமாக இருந்தாலும் பொறியியலாக இருந்தாலும், யாருக்கு எந்த இடம் என்பதை முன்கூட்டியே எழுதி அறிவிக்கப்பட்ட விதிகள்தான் தீர்மானிக்கின்றன. அந்த விதிகளை அறியாததால் கைக்கு எட்டிய இடத்தையும் நமது பிள்ளைகள் இழந்துவிடக் கூடாது. அவற்றை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதினான்கு இடங்களில் ஒன்று

சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் தொடங்கிய வகுப்புவாரி அரசாணை, பின்னாளில் கல்லூரிச் சேர்க்கைக்கும் பயன்பட்டது. சுதந்திரம் கிடைத்த காலத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களும் இவ்வாறு பிரிக்கப்பட்டன: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1.

1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஆணை செல்லாது என்றது. தமிழகத்தில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் நிறைவேறி, கல்வியில் பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழிவகுக்கும் 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. இடஒதுக்கீடு காப்பாற்றப்பட்டது. ஆனால் முஸ்லிம்களுக்கென இருந்த தனிப் பங்கு திரும்பவில்லை. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்த முஸ்லிம் பிரிவினர், அப்பட்டியலின் மற்ற சமூகத்தாருடன் சேர்ந்தே போட்டியிட்டு வந்தனர்.

செங்கோட்டைக்காரர் எழுப்பிய கேள்வி

1969இல் தமிழக அரசு அமைத்த முதல் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் தலைவர் ஏ.என். சட்டநாதன். அவர் நமது பகுதிக்காரர். அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த செங்கோட்டையில் 1905இல் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1970இல் வந்த அவரது அறிக்கை ஒரு முக்கிய உண்மையைச் சுட்டிக்காட்டியது: பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குள்ளேயே ஓரளவு முன்னேறிய சில சமூகங்கள் பலனில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. பொதுவாக ஒரு பங்கு ஒதுக்கினால் மட்டும் போதாது, அது உள்ளே யாரைச் சென்று சேர்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

1971இல் பிற்படுத்தப்பட்டோர் பங்கு 25 சதவீதத்திலிருந்து 31 ஆகவும், 1980இல் 50 ஆகவும் உயர்ந்தது. 1989இல் அதிலிருந்து 20 சதவீதம் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குப் பிரித்தளிக்கப்பட்டது. 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமானது. பட்டியலுக்குள்ளே பார்க்க வேண்டும் என்ற அதே நியாயம்தான் இவற்றிலும் இருக்கிறது.

லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கனி முஸ்லிம், ஷேக், சையத், மாப்பிள்ளை, அன்சார், துதேகுலா ஆகிய பிரிவினர் இந்த ஒதுக்கீட்டில் வருகின்றனர்.

3.5 சதவீதம் என்றால் எத்தனை இடம்?

இன்று ஒவ்வொரு 100 இடங்களும் இவ்வாறு பிரிகின்றன: பொதுப்பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 18 (இதில் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1.

60 இடங்கள் உள்ள ஒரு பொறியியல் பிரிவில் 3.5 சதவீதம் என்பது இரண்டே இடங்கள். தென்காசி மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. அருகில் இருப்பது 1965இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. அங்குள்ள 250 எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதியில் நமது ஒதுக்கீட்டுக்கு வருவது ஏறத்தாழ ஏழு இடங்கள். அதற்கும் மாநிலம் முழுவதிலுமிருந்து போட்டி உண்டு.

இங்கே பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. பொதுப்பிரிவின் 31 இடங்கள் "முற்பட்ட வகுப்பாருக்கு" உரியவை அல்ல. அவை எல்லோருக்கும் உரியவை. நல்ல தரவரிசை பெற்ற முஸ்லிம் மாணவிக்குப் பொதுப்பிரிவிலேயே இடம் கிடைத்தால், 3.5 சதவீதத்தில் ஒரு இடம்கூடக் குறையாது. அது அடுத்த பிள்ளைக்குப் போகும். ஆகவே "நமக்கு இவ்வளவுதான்" என்று எண்ணி, உழைப்பை அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

மதிப்பெண் சமமானால்?

பொறியியல் சேர்க்கையில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கட் ஆஃப் கணக்கிடப்படுகிறது. லட்சக்கணக்கானோர் விண்ணப்பிக்கும்போது ஒரே கட் ஆஃப் பலருக்கு வருவது இயல்பு. அப்போது கணிதம், இயற்பியல் என்று பாட மதிப்பெண்களும், பிறகு பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு மொத்த மதிப்பெண்களும், பிறந்த தேதியும் பார்க்கப்படும். அதிலும் சமமாக இருந்தால், தரவரிசைக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் கணினி வழங்கிய ராண்டம் எண் தீர்மானிக்கும். எண் பெரிதாக உள்ளவர் முன்னால் வருவார்.

"படிப்பை விட்டுவிட்டுக் குலுக்கலா?" என்று சிலர் கேட்கலாம். உரிமையில் சமமானவர்களுக்கிடையே சீட்டுக் குலுக்குவது நமது மார்க்கம் அறிந்த முறைதான். மர்யம் (அலை) அவர்களை யார் பொறுப்பேற்பது என்பதற்கு எழுதுகோல்களைப் போட்டுப் பார்த்ததைக் குர்ஆன் (3:44) கூறுகிறது. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் மனைவியரில் யாரை அழைத்துச் செல்வது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. யாருடைய மனமும் நோகாமல், யாருடைய செல்வாக்கும் நுழையாமல் முடிவெடுக்கும் வழி அது.

நெதர்லாந்து நாட்டில் 1970களிலிருந்து பல பத்தாண்டுகள் மருத்துவக் கல்லூரி இடங்களே குலுக்கலில் வழங்கப்பட்டன. மதிப்பெண் கூடியவருக்கு வாய்ப்பும் கூடுதலாக இருக்கும்படி அந்த முறை அமைந்திருந்தது. 2017இல் கைவிடப்பட்ட அம்முறைக்கு அண்மையில் மீண்டும் அனுமதி அளித்துள்ளனர்.

விருப்பப் பட்டியலில் செய்யும் தவறு

2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. கல்லூரியையும் பாடப்பிரிவையும் எத்தனை வேண்டுமானாலும் வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவர் பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் விருப்பத்தைக் கொடுக்கும்.

ஆகவே கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியை மேலே எழுதுவதால் கீழே உள்ளது பறிபோகாது. அதேசமயம், கிடைத்துவிடும் என்று நினைத்து ஒரு கல்லூரியை முதலில் எழுதினால், அதைவிட நல்லது காலியாக இருந்தாலும் கிடைக்காது. உண்மையான விருப்பத்தை உண்மையான வரிசையில் எழுதுவதே சரியான முறை. ஐந்தாறு பெயரோடு நிறுத்தாமல் நிறைய எழுத வேண்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த கெடுவுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம்

நீட் வந்தபின் அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவது அரிதாகிவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையம் அவர்களுக்கு 10 சதவீதம் தரப் பரிந்துரைத்தது. அரசு 7.5 சதவீதத்தை 2020இல் சட்டமாக்கியது. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 400 அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ, பல் மருத்துவ இடங்கள் கிடைத்தன. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் இது விரிவானது. இவ்வாறு சேருவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

நிபந்தனை: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. நமது ஊர்களில் சமுதாயத்தவர் நடத்தும் பள்ளிகளில் பல உதவிபெறும் பள்ளிகளே. இந்த வேறுபாட்டைப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போதே பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் தெரிந்துகொண்டு பயனில்லை.

நமது கையில் இருக்கும் இடங்கள்

பொறியியல் கல்லூரிகளில் சிறுபான்மையல்லாதவை 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் அரசுக் கலந்தாய்வுக்குத் தர வேண்டும். மீதி நிர்வாகத்தின் கையில். அரசியல் சாசனத்தின் 30ஆவது பிரிவு நமக்குத் தந்த உரிமையால் உருவான கல்லூரிகளிலும் இத்தகைய இடங்கள் உள்ளன.

அரசிடம் நீதி கேட்கும் நாம், அந்த இடங்களை எப்படிப் பங்கிடுகிறோம்? சிபாரிசுக் கடிதமும் நன்கொடையும் பேசும் இடத்தில், தறி நெய்து பிள்ளையைப் படிக்கவைத்த தகப்பன் எங்கே நிற்பார்? அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறும், தீர்ப்பளித்தால் நீதியுடன் தீர்ப்பளிக்குமாறும் குர்ஆன் (4:58) கட்டளையிடுகிறது. நிர்வாக இடங்களும் அமானிதமே. எத்தனை இடங்கள், எந்த அடிப்படை, யாருக்கு முன்னுரிமை என்பதை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலே பாதிக் குறை தீரும்.

குற்றாலத்தில் 1964இல் தொடங்கிய ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி போன்றவை நமது பெண்பிள்ளைகளுக்குப் பெரிய வாய்ப்பு. வெளியூர் விடுதிக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்களில், பேருந்து தூரத்தில் கிடைக்கும் ஒரு இடம்தான் அந்தப் பெண் பட்டதாரி ஆவாளா இல்லையா என்பதையே தீர்மானிக்கிறது. அங்கும் தரவரிசையும் இனச்சுழற்சியும் உண்டு. விண்ணப்பத்தின் கடைசித் தேதியைத் தவறவிடக் கூடாது.

இப்போதே செய்ய வேண்டியவை

• சாதிச் சான்றிதழில் "பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்" என்று இருக்கிறதா பாருங்கள். 2007க்கு முன் வாங்கிய பழைய சான்றிதழில் வெறும் "பி.சி." என்றே இருக்கும். இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள்.

• கேரளாவிலோ வளைகுடாவிலோ படித்த பிள்ளைகளுக்கு நேட்டிவிட்டி எனப்படும் பிறப்பிடச் சான்றிதழ் தேவைப்படும்.

• குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழைப் பெற்றால் கட்டணச் சலுகை உண்டு.

• விதிகளில் ஆண்டுதோறும் சிறு மாற்றங்கள் வரும். அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டை முழுவதும் படியுங்கள்.

• ஒவ்வொரு ஜமாஅத்தும் தேர்வு முடிவு வரும் வாரத்தில், விவரம் அறிந்த இரண்டு இளைஞர்களைக் கொண்டு பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு உதவி மையம் நடத்தலாம். செலவு மிகக் குறைவு. ஒரு பிள்ளையின் இடம் காப்பாற்றப்பட்டாலும் அது ஒரு குடும்பத்தையே உயர்த்தும்.

இடம் கிடைக்காத பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. இரண்டு இடங்களுக்கு இருநூறு பேர் நிற்கும்போது, கிடைக்காதவர்கள் அனைவரும் தகுதியற்றவர்கள் அல்லர். அடுத்த சுற்று இருக்கிறது, துணைக் கலந்தாய்வு இருக்கிறது, வேறு நல்ல படிப்புகளும் இருக்கின்றன.

நமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், பங்கிடும் பொறுப்பில் இருப்போருக்கு நீதி தவறாத உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.