பூனைக்காகச் சாய்க்கப்பட்ட பாத்திரம்



சட்ட நூல்களைத் திறந்தால் முதலில் வருவது தூய்மை பற்றிய பாடம். எந்தத் தண்ணீரில் உளூச் செய்யலாம், எந்தப் பிராணி வாய் வைத்தால் தண்ணீர் அசுத்தமாகும் என்பன போன்ற கேள்விகள் அங்கே விரிவாக ஆராயப்படுகின்றன. அந்தப் பாடத்தின் நடுவே ஒரு சிறிய வீட்டு நிகழ்ச்சி இடம்பெற்றிருக்கிறது. வரலாற்றில் ஒரு பூனைக்கு எப்படித் தண்ணீர் வைக்கப்பட்டது என்பதைச் சொல்லும் நிகழ்ச்சி அது.

மதீனாவில் ஒரு வீடு

தபூக் போருக்குச் செல்லாமல் பின்தங்கி, 50 நாட்கள் மக்களால் ஒதுக்கி வைக்கப்பட்டு, பின்னர் இறைமன்னிப்பைப் பெற்ற கவிஞர் கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களை நாம் அறிவோம். அவர்களுடைய மகள் கப்ஷா. நபித்தோழர் அபூகதாதா அல்அன்சாரி (ரலி) அவர்களின் மகனுக்கு அப்பெண்மணி வாழ்க்கைப்பட்டிருந்தார். ஒருநாள் மாமனார் வீட்டிற்கு வந்தபோது, அவர் உளூச் செய்வதற்காக மருமகள் தண்ணீர் ஊற்றி வைத்தார். அந்த நேரத்தில் ஒரு பூனை தண்ணீரைத் தேடி வந்தது. அபூகதாதா (ரலி) அதை விரட்டவில்லை. பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, பூனை குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

மருமகள் இதை வியப்புடன் பார்த்துக்கொண்டு நின்றார். அபூகதாதா (ரலி) அவரைச் சகோதரரின் மகள் என்று அன்போடு விளித்து, இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பூனை அசுத்தமான பிராணியல்ல, அது வீட்டில் உங்களைச் சுற்றிச் சுற்றி வருகின்றவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எடுத்துச் சொன்னார்கள்.

கப்ஷாவிடமிருந்து இதைக் கேட்டு அறிவித்தவர் ஹுமைதா என்ற மற்றொரு பெண்மணி. இமாம் மாலிக் (ரஹ்) இதைத் தம் முவத்தாவில் பதிவு செய்தார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாயீ, இப்னுமாஜா ஆகிய தொகுப்புகளிலும் இது உள்ளது. அடுக்களை அருகே நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை இரண்டு பெண்கள் கவனமாகக் காத்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தார்கள். பின்னாளில் சட்ட அறிஞர்கள் அதையே ஆதாரமாகக் கொண்டார்கள்.

அபூதாவூதில் இன்னொரு செய்தியும் உள்ளது. ஒரு பணிப்பெண் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு ஹரீஸா என்ற உணவைக் கொண்டு வந்தார். அன்னையார் தொழுதுகொண்டிருந்ததால், அதைக் கீழே வைக்குமாறு சைகை செய்தார்கள். அதற்குள் ஒரு பூனை வந்து அதில் கொஞ்சம் தின்றுவிட்டது. தொழுகையை முடித்த அன்னையார், பூனை வாய் வைத்த இடத்திலிருந்தே எடுத்து உண்டார்கள்.

சட்ட அறிஞர்களின் பார்வை

நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும் என்ற கட்டளை நாம் அறிந்ததே. பூனைக்கு அந்தச் சட்டம் இல்லை. வீட்டில் எங்கும் நுழைந்து திரியும் பிராணியிடமிருந்து ஒவ்வொரு பாத்திரத்தையும் காப்பது மக்களுக்குப் பெரும் சிரமம் என்பதையே இதற்குக் காரணமாக அறிஞர்கள் கூறினர். ஷாஃபிஈ மத்ஹபின்படி பூனையின் எச்சில் தூய்மையானது. அது வாய் வைத்த தண்ணீரைப் பயன்படுத்துவதில் வெறுப்பும் இல்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அதை இலேசான மக்ரூஹ் என்றார்கள். அவர்களுடைய மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) அதில் வெறுப்பில்லை என்றார்கள்.

அது எலி பிடித்துத் தின்னும் பிராணி என்பதை அவர்கள் மறந்துவிடவில்லை. வாயில் அசுத்தம் இருப்பது கண்ணெதிரே தெரியும்போது என்ன செய்வது என்பதையும் தனியே விவாதித்தார்கள். பூனையின் உணவுப் பழக்கத்தை நன்கு கவனித்தவர்களால்தான் இப்படிச் சட்டம் வகுக்க முடியும்.

உணவும் சுதந்திரமும்

ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, அது சாகும்வரை விட்டுவைத்த பெண் தண்டிக்கப்பட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அவள்மீது கூறப்பட்ட குற்றம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. அவள் அதற்கு உணவளிக்கவில்லை. பூமியிலுள்ள சிறு பிராணிகளைத் தானே பிடித்துத் தின்னவும் விடவில்லை. திரியும் பூனை தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். கதவை அடைத்த கணத்திலேயே அதன் உணவுக்கான முழுப் பொறுப்பும் அடைத்தவர் தலையில் ஏறிவிடுகிறது. அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் தம் அங்கியின் மீது உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி அங்கியின் கையை வெட்டினார்கள் என்றொரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அறியப்பட்ட ஹதீஸ் தொகுப்புகளில் அது இல்லை. உறுதியான செய்திகளே நமக்குப் போதுமானவை.

கெய்ரோவின் பூனைகள்

ஹிஜ்ரி 469இல் (கி.பி. 1077) மறைந்த இலக்கண அறிஞர் இப்னு பாபஷாத், எகிப்தின் அரசுக் கடிதங்களில் மொழிப்பிழை திருத்தும் பதவியில் இருந்தார். வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் அவரைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். அவர் பள்ளிவாசலின் மேல்தளத்தில் நண்பர்களுடன் உண்டுகொண்டிருந்தபோது ஒரு பூனை வந்தது. கொடுத்த கவளத்தைக் கவ்விக்கொண்டு மறைவதும், மீண்டும் வருவதுமாக இருந்தது. தொடர்ந்து சென்று பார்த்தபோது, அது கொண்டு சென்ற உணவை ஒரு குருட்டுப் பூனை தின்றுகொண்டிருந்தது. குருட்டுப் பூனைக்கும் உணவை அனுப்பிவைக்கும் இறைவன் தம்மைக் கைவிடுவானா என்று எண்ணிய அவர், பதவியைத் துறந்தார்.

13ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சுல்தான் ளாஹிர் பைபர்ஸ், கெய்ரோவின் வடக்கே தம் பள்ளிவாசலுக்கு அருகிலிருந்த ஒரு தோட்டத்தைப் பூனைகளின் உணவுக்கென்றே வக்ஃபு செய்தார். 1830களில் கெய்ரோவில் வாழ்ந்த ஆங்கில அறிஞர் எட்வர்ட் லேன், 1836இல் வெளியிட்ட தம் நூலில் அந்த வக்ஃபின் பிந்தைய நிலையை விவரித்துள்ளார். தோட்டம் பலமுறை கைமாறிவிட்டது. ஆண்டுக்கு 15 பியாஸ்தர் என்ற பெயரளவிலான நிலவாடகை மட்டுமே மிஞ்சியது. ஆகவே செலவு ஏறத்தாழ முழுவதும் காஜியின் பொறுப்பாயிற்று. நாள்தோறும் பிற்பகலில் நீதிமன்ற முற்றத்தில் இறைச்சிக் கழிவுகள் கொட்டப்படும், பூனைகள் அழைக்கப்படும். வீட்டில் பூனை வேண்டாம் என்று நினைத்தவர்கள் அதைக் கொண்டுவந்து அந்த முற்றத்தில் விட்டுச் செல்வதும் வழக்கமாக இருந்தது.

இதில் நமக்கு இரண்டு செய்திகள் உள்ளன. வாய் பேசாத பிராணிக்கென ஒரு தோட்டத்தையே எழுதி வைத்தது ஒன்று. கேட்க நாதியற்ற பயனாளியின் சொத்து கைமாறிக் கரைந்தது மற்றொன்று. வக்ஃபு சொத்து பூனைகளுக்குரியதானாலும் அனாதைகளுக்குரியதானாலும் அமானிதமே. பூனை வழக்குத் தொடுக்காது என்பதால் பொறுப்பாளர்களின் கேள்வி கணக்குக் குறைந்துவிடாது.

எந்தப் பாத்திரம் ஏற்றது?

பூனை நாவின் நுனியால் தண்ணீர்ப் பரப்பைத் தொட்டு, மேலே எழும் நீர்த்தாரையை வாயால் பிடித்துக் குடிக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ நான்கு முறை இவ்வாறு செய்கிறது என்று 2010இல் வெளியான ஆய்வு விளக்கியது. தண்ணீர்ப் பரப்பு வாய்க்கு எட்டும் உயரத்தில் இருந்தால்தான் அது எளிதாகக் குடிக்க இயலும். சாய்த்துப் பிடித்த பாத்திரத்தில் தண்ணீர் விளிம்புக்கு வந்துவிடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே பூனைக்குக் குழிவான சொம்பைவிட அகலமான, ஆழம் குறைந்த தட்டே ஏற்றது. பிளாஸ்டிக்கில் விழும் கீறல்களில் அழுக்கும் கிருமியும் தங்கும். எவர்சில்வரும் பீங்கானும் கழுவ எளியவை. நகராமல் நிற்கும் கனமும் பாத்திரத்திற்கு வேண்டும். அதை நாள்தோறும் கழுவ வேண்டும். ஒரே வேளையில் நிறைய வைப்பதைவிடச் சிறிது சிறிதாகப் பலமுறை வைப்பது, சிறு இரைகளைப் பிடித்துண்ணும் அதன் இயல்புக்குப் பொருந்தும். பூனை இறைச்சியுண்ணும் பிராணி; சோறும் பாலும் மட்டும் அதற்குப் போதாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிப்பதில்லை. வெங்காயமும் பூண்டும் அதற்கு நஞ்சு என்பதால், மிஞ்சிய பிரியாணியையும் சால்னாவையும் வைப்பது தர்மமாகாது.

கண்ணியத்திற்குரியவர்களே! அபூகதாதா (ரலி) அவர்கள் உளூவுக்கான தண்ணீரைக் கொடுத்தார்கள். கொடுத்ததோடு நில்லாமல், குடிப்பதற்கு ஏற்றவாறு பாத்திரத்தைச் சாய்த்தும் கொடுத்தார்கள். பெறுகின்றவரின் வசதியறிந்து கொடுப்பதுதான் நிறைவான ஈகை. அத்தகைய ஈகையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.