ஆறு கிலோமீட்டர் என்ற கேள்வி: சென்னையின் தென்விளிம்பில் கம்பியில்லா ஆய்வின் தடம்

2017-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஐந்தாம் தலைமுறைத் தொழில்நுட்பங்களை எடைபோடுவதற்கான சோதனைக் களங்களை வகுத்தது. கிராமப்புறம் என்று அது வகுத்த களத்தில் ஒரு கோபுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 1,732 மீட்டர். இந்தியாவில் அப்படிப்பட்ட கிராமம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை இந்தியத் தரப்பு எழுப்பியது. அதன் பயனாக, 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கோபுரங்களுக்கிடையே 6,000 மீட்டர் இடைவெளி கொண்ட புதிய களம் ஒன்று கட்டாயச் சோதனைகளில் சேர்ந்தது. 'குறைந்த நடமாட்டம், பெரிய செல்' என்பது அதன் பெயர்.

புதிதாகக் கண்டுபிடித்த கருவி எதுவும் இதில் இல்லை. தேர்வுத்தாளில் ஒரு கேள்வி கூடியது, அவ்வளவுதான். ஆனால் சென்னையின் தென்பகுதியில் முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் கம்பியில்லாத் தொடர்பு ஆய்வின் மிகப் பெரிய சாதனை அந்தக் கேள்விதான் என்பது என் முடிவு. அது எங்கிருந்து வந்தது, இப்போது தாம்பரம் வட்டாரம் அதே போன்ற எந்தக் கேள்வியை எழுப்புகிறது என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

முன்கதை நீண்டது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் 1927-ல் அது நின்றுபோக, 1930-ல் மாநகராட்சி அந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. 1949-ல் சி. ராஜம் தம் மாளிகையை விற்று, குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தை நிறுவினார். தொடக்கத்திலேயே மின்னணுவியலைத் தனிப் படிப்பாக வைத்தது இந்த எம்.ஐ.டி. பின்னாளில் சுஜாதா என்று தமிழுலகம் அறிந்த எஸ். ரங்கராஜன் அந்தப் பிரிவில் படித்தவர். இருந்தும், அலைகளைப் பற்றிய பாடம் அலைகளைப் பற்றிய சொந்தக் கேள்வியாக மாற இன்னும் நாற்பதாண்டுகள் ஆயின.

அந்த மாற்றம் 1990-களில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்தில் நிகழ்ந்தது. அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி முதலான ஆசிரியர்கள் சேர்ந்த 'டெனெட்' குழு தொழில்நுட்பத்திலிருந்து தொடங்காமல் வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்கியது. ஒரு தொலைபேசி இணைப்பைக் கொடுக்க ஆகும் முதலீடு மூன்று நான்கு மடங்கு குறைந்தாலொழிய இந்தியக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தொலைபேசி எட்டாது என்பது அவர்கள் கணக்கு. செலவில் பெரும்பகுதியை விழுங்குவது பரிமாற்றகத்திலிருந்து வீடுவரை புதைக்கும் செப்புக் கம்பி. அதை எடுத்துவிட்டால் என்ன?

அவர்கள் கையில் எடுத்தது 'டெக்ட்' என்ற ஐரோப்பியத் தரம். வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் சில நூறு மீட்டர் நடமாடும் கம்பியில்லாக் கைபேசிக்காக வகுக்கப்பட்டது அது. 10 மில்லிவினாடிச் சட்டகம் ஒன்றை 24 நேரத்துண்டுகளாகப் பிரித்து, 12-ல் பேச்சை அனுப்பி, 12-ல் பெற்றுக்கொள்ளும் முறை. பக்கத்துத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடாமலிருக்க இடையில் சுமார் 50 மைக்ரோவினாடி வெற்றிடம் விட்டிருப்பார்கள். வீட்டுக்கு இது தாராளம். ஆனால் 10 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு அலை போய்த் திரும்ப 67 மைக்ரோவினாடி ஆகிவிடும். வந்து சேரும் பேச்சு அடுத்தவருடைய துண்டில் விழும். வீட்டுச் சுவரில் மாட்டும் 'வால்செட்' தன் அனுப்பு நேரத்தைத் தூரத்துக்கேற்ப முன்கூட்டியே தள்ளிக்கொள்ளும்படி செய்து இந்தத் தடையைக் கடந்தார்கள். அதற்கும் அப்பால் இருக்கும் ஊர்களுக்கு, வாங்கி மறுபடி அனுப்பும் இடைநிலையம். 25 கிலோமீட்டர்வரை எட்டியது. அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் சில்லுகளோடு, ஐ.ஐ.டி.யின் பழைய மாணவர்கள் தொடங்கிய மைடாஸ் நிறுவனம் இதைக் 'கார்டெக்ட்' என்ற பெயரில் தயாரித்தது.

கார்டெக்ட் மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு 35, 70 கிலோபிட் வேகத்தில் இணையம் கொண்டுபோனது; மடகாஸ்கர் போன்ற நாடுகளுக்கும் ஏற்றுமதியானது. பிறகு கைபேசிக் கட்டணப் போட்டி வந்து அதை ஓரங்கட்டியது. சந்தை வரலாறு எழுதுபவர்கள் இதைத் தோல்வி என்று குறித்துவிட்டு நகர்கிறார்கள். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. வேறொரு நாட்டின் வாழ்க்கைமுறைக்குத் தைத்த தரத்தை எடுத்து, அதில் எந்தத் தையலைப் பிரித்தால் நம் தூரத்துக்குப் பொருந்தும் என்று பார்க்கும் பழக்கம் இங்கே வேரூன்றியது இந்தக் காலத்தில்தான். 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் இயங்கிய நோக்கியா தொழிற்சாலை கோடிக்கணக்கில் கைபேசிகளைச் செய்து அனுப்பியது. வேலை கொடுத்தது, அலை பற்றிய கேள்வியை அது தரவில்லை. அந்தக் கேள்வி தரமணியிலேயே தங்கியிருந்தது. ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் இயங்கும் 'செவிட்' எனும் கம்பியில்லாத் தொழில்நுட்ப உயராய்வு மையம் அதை எடுத்துச் சென்றது.

ஆறு கிலோமீட்டருக்கு வருவோம். கண்ணாடியிழை கிராம ஊராட்சி அலுவலகம்வரை வருகிறது. அங்கே ஒரு கோபுரம் நட்டால் சுற்றிலும் மூன்று கிலோமீட்டரில் உள்ள குக்கிராமங்களை அது தாங்க வேண்டும். கோபுரத்திலிருந்து கைபேசிக்கு வருவது எளிது. கோபுரத்தில் மின்சாரம் தாராளம். கைபேசியிலிருந்து கோபுரத்துக்குப் போவதுதான் பாடு. அலையின் உச்சம் சராசரியைவிட மிக உயர்ந்து நின்றால், உச்சம் சிதையாமலிருக்கக் கைபேசியின் பெருக்கி தன் முழு வலிமைக்குக் கீழேயே வேலை செய்ய வேண்டியிருக்கும். ஐ.ஐ.டி. ஐதராபாத், ஐ.ஐ.டி. மெட்ராஸ், செவிட் ஆய்வாளர்கள், பை-பை-டூ பி.பி.எஸ்.கே. என்ற பண்பேற்ற முறையை ஒரு வடிகட்டியால் மென்மையாக்கி அந்த உச்சத்தைத் தணித்தார்கள். அதே பெருக்கியால் 23 டெசிபல்-மில்லிவாட்டுக்குப் பதில் 26 அனுப்ப முடியும் என்றானது. மூன்று டெசிபல் என்றால் இரு மடங்கு ஆற்றல். ஓரத்து வீட்டில் இருப்பவருக்கு அது இணைப்பு உண்டா இல்லையா என்ற வேறுபாடு.

இந்த முறையைக் கொண்ட '5ஜிஐ' என்ற தரத்தைச் சர்வதேச ஒன்றியம் 2020-ல் ஏற்றது. தனித் தரம் என்றால் கருவிச் செலவு கூடும், உலகக் கைபேசிகளோடு ஒத்துப்போகாது என்று இந்தியாவின் சேவை நிறுவனங்களே எதிர்த்தன. அவர்கள் அச்சத்தில் நியாயம் இருந்தது. கடைசியில் உலகக் கைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின், 2022-ல் நிறைவடைந்த 17-ஆம் வெளியீட்டில் அது கலந்துவிட்டது. பெயர் போனது, பொருள் நின்றது. இதைவிட நல்ல முடிவு அமைந்திருக்காது. அந்த ஆண்டு மே மாதத்தில், எட்டு நிறுவனங்கள் சுமார் 220 கோடி ரூபாயில் உருவாக்கிய 5ஜி சோதனைத் தளத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். இரண்டு நாள் கழித்து ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்நாட்டுக் கருவிகள் வழியே முதல் அழைப்பு பேசப்பட்டது.

கிராமத்துக்கான கேள்வி இப்படி இடம்பிடித்தது. அதைக் கேட்டவர்களின் வாசலிலேயே இருக்கும் புறநகருக்கான கேள்வி இன்னும் எழுதப்படவில்லை. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் மாநகராட்சியான தாம்பரத்தை எந்தக் களத்தில் வைப்பது? வானுயர்ந்த கட்டடங்கள் கொண்ட நகர மையமும் இல்லை, திறந்தவெளியும் இல்லை. இரண்டு மூன்று மாடி வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்க, நடுவே திரிசூலம், பல்லாவரம் குன்றுகள் நிழல் விழுத்தும் நிலம் இது.

கூடவே விமான நிலையம். விமானத்தின் உயரமானி 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸில் தரையைத் தேடுகிறது. 5ஜி நடு அலைவரிசை 3.67-ல் முடிகிறது. பழைய உயரமானிகளின் வடிகட்டிகள் தளர்வானவை. அதனால் 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கிலோமீட்டர், மையக்கோட்டிலிருந்து 910 மீட்டர் அளவுக்கு அந்த அலைவரிசை நிலையங்கள் வேண்டாமென்று சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. மீனம்பாக்கம் ஓடுபாதையை ஒட்டிய ஊர்களில் குடியிருப்புகளின் நெருக்கத்தைப் பார்த்தவர்களுக்கு 2.1 கிலோமீட்டர் என்பதன் கனம் தெரியும். தடைசெய்வது முதலுதவி. கற்றையை வானத்தை விட்டு விலக்கிக் குடியிருப்பை நோக்கி மட்டும் குவிப்பது சமிக்ஞைச் செயலாக்கத்தின் வேலை.

1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் மின்ரயில் இன்னொரு சிக்கல். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், 2 கிகாஹெர்ட்ஸ் அலையின் அதிர்வெண் சுமார் 150 ஹெர்ட்ஸ் நகர்கிறது. 5ஜியின் உயர் அலைவரிசையான 26 கிகாஹெர்ட்ஸில் அது 1,900-ஐத் தாண்டும். அதைவிடக் கடினமானது கூட்டம். பன்னிரண்டு பெட்டி ரயில் ஒரு செல்லின் எல்லையைக் கடக்கும் பத்துப் பன்னிரண்டு வினாடிகளில், அதிலுள்ள ஆயிரக்கணக்கான கைபேசிகளும் ஒரே வேளையில் கோபுரம் மாறக் கேட்கின்றன.

பிறகு மழை. மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையில் 26 கிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்கு 6 முதல் 8 டெசிபல் இழக்கும். ஆனால் 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியபோது நடந்தது அலை மெலிந்த கதையன்று. மின்சாரமும் டீசலும் இல்லாமல் கோபுரங்களே ஓய்ந்தன. மாடியில் நின்றவர்களின் கையில் கைபேசி இருந்தது, பேச வழியில்லை. ஒரு கைபேசி அடுத்த கைபேசி வழியாகச் செய்தி கடத்தும் முறை 3ஜிபிபி 13-ஆம் வெளியீட்டிலிருந்தே ஏட்டில் உண்டு. கார்டெக்டின் இடைநிலையம் செய்ததும் இதே வேலைதான்.

2023 நவம்பரில் வெளியான ஆறாம் தலைமுறைச் சட்டகத்தில் 'எங்கும் தொடர்பு' ஒரு பயன்பாடாக இடம்பெற்றிருக்கிறது. அதற்கான சோதனைக் களங்கள் வகுக்கப்படும்போது, குன்றும் ஓடுபாதையும் ரயிலும் வெள்ளமும் கொண்ட ஒரு புறநகரை எண்களோடு முன்வைக்க வேண்டும். எண்கள் அளந்தால்தான் கிடைக்கும். எம்.ஐ.டி.யும், 2016 முதல் 'விஸ்ப்நெட்' மாநாட்டை நடத்திவரும் காலவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரியும், தரமணி ஆய்வுப் பூங்காவும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு பகலில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. அளக்க வேண்டிய தண்டவாளம் குரோம்பேட்டை வளாகத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் ஓடுகிறது.