சட்டை மாற்றிய பரிசல்

நீலகிரியில் முக்கூர்த்திச் சிகரத்தின் பக்கம் ஓர் ஆறு பிறக்கிறது. மேலே அதன் பெயர் பைக்காரா. உதகையிலிருந்து கூடலூருக்குப் பேருந்தில் போனவர்கள் வழியில் பைக்காரா ஏரியைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்பவை கண்ணாடியிழைப் படகுகள். அதே தண்ணீர் அருவியாக விழுந்து, மோயாறு என்று பெயர் மாற்றிக்கொண்டு, மலையின் வடக்கு அடிவாரத்தை ஒட்டிக் கிழக்கே ஓடி, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. வழியில் தெங்குமரஹாடா என்றொரு சிற்றூர். மலையடியில் காட்டுக்குள் இருந்தாலும் நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. பவானிசாகர் பக்கமிருந்து அந்த ஊருக்குப் போகிறவர்கள் பல்லாண்டுகளாக மோயாற்றைப் பரிசலில்தான் கடந்து வந்திருக்கிறார்கள்.

ஒரே ஆறுதான். மேலே கண்ணாடியிழைப் படகு, கீழே மூங்கில் பரிசல். இரண்டில் எது முன்னேறியது என்று உங்களைக் கேட்டால் யோசிக்காமல் முதலாவதைக் காட்டுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இரண்டையும் தண்ணீரால் நிரப்பிப் பார்த்துவிட்டுச் சொல்வோம். அதற்கு முன் பரிசலின் பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பரிசல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், யூப்ரட்டீஸ் ஆற்றில் பாபிலோனுக்குச் சரக்கு கொண்டு வந்த வட்டமான தோல் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். சரக்கை இறக்கியதும் படகின் மரச் சட்டத்தை அங்கேயே விற்றுவிட்டு, தோலை மட்டும் மடித்துக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு தரைவழியே ஊர் திரும்புவார்களாம். ஆற்றின் வேகத்தை எதிர்த்து அந்தப் படகை மேலே செலுத்த முடியாது. சட்டத்தை மறுபடி செய்துகொள்ளலாம்; தோல்தான் விலையுயர்ந்த பொருள்.

16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியப் பயணி டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் கூடை போன்ற படகுகளைக் கண்டார். உள்ளே பிரம்பு, வெளியே தோல். பதினைந்து இருபது பேர் ஏறலாம். வேண்டுமானால் குதிரையும் மாடும் ஏறும். துடுப்புப் போட்டால் படகு சுற்றிக்கொண்டே போகிறது என்றும் அவர் குறித்து வைத்திருக்கிறார். பரிசலில் முதல் தடவை ஏறுகிற யாரும் இன்றைக்கும் அதைத்தான் சொல்வார்கள்! 1803இல் மராட்டியப் போரின்போது ஆர்தர் வெல்லெஸ்லி என்ற ஆங்கிலத் தளபதி, வெள்ளம் வந்த ஆறுகளைப் படை கடப்பதற்காக இத்தகைய கூடைப்படகுகளைச் செய்ய ஏற்பாடு செய்தார். பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர் அவர்தான். குன்னூரை அடுத்த வெலிங்டனுக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியப் பரிசல்களை நேரில் ஆராய்ந்து, வேல்ஸ் நாட்டிலும் இராக்கிலும் உள்ளவற்றோடு ஒப்பிட்டு விரிவாக எழுதியிருக்கிறார்.

பரிசல் முடைவது ஒரு தேர்ந்த தொழில். மூங்கிலைப் பிளந்து பத்தைகளாக்குவார்கள். தரையில் அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, நடுவிலிருந்து முடையத் தொடங்குவார்கள். அடிப்பகுதி உருவானதும் அதன்மேல் பாறாங்கற்களை ஏற்றி வைத்து, சுற்றிலும் நீண்டு நிற்கும் பத்தைகளை மேல்நோக்கி வளைத்துப் பின்னி, விளிம்பை இறுகக் கட்டி முடிப்பார்கள். ஆணி கிடையாது, திருகு கிடையாது. எல்லாப் பத்தைகளும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பாறையில் மோதினால் பரிசல் நெளியும், உடையாது. மோயாறு போலக் கல் நிறைந்த ஆறுகளுக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுமானத்தை எண்ணிப் பார்ப்பது கடினம்.

அது எவ்வளவு பாரம் தாங்கும்? நீங்களே கணக்கிடலாம். அடிப்பாகம் தட்டையானது, அதன் விட்டம் 2 மீட்டர் என்று கொள்வோம். அப்படியானால் அதன் பரப்பு 3.14 சதுர மீட்டர். பரிசல் 10 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் விலக்கப்படும் நீர் 0.314 கன மீட்டர், அதாவது 314 லிட்டர். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி 314 கிலோகிராம் எடையை அது தாங்கும். ஒரு சாண் ஆழம்கூட இல்லாத நீரில் நான்கு பேர் போய்விடலாம்! நீளமான தோணி இதே பாரத்துக்கு இன்னும் ஆழமாக அமிழ வேண்டியிருக்கும். அடியில் நீளவாட்டில் கட்டை இல்லாததால் பரிசல் சுழல்கிறது. பரிசல்காரர் முன்பக்கம் குனிந்து துடுப்பால் நீரைத் தம் பக்கம் இழுத்து, சுழற்சியை மட்டுப்படுத்திப் போகிறார்.

இனி மேற்சட்டைக்கு வருவோம். அந்த நாளில் மாட்டுத் தோலைத் தைத்துக் கூடையின்மேல் போர்த்துவார்கள். தோல் வலுவானது, வளைந்து கொடுக்கும். ஆனால் ஈரம் ஏறினால் கனக்கும். காயவிடாமல் வைத்திருந்தால் அழுகும். விலையும் ஏறிக்கொண்டே போயிற்று. பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் இழைச் சாக்கும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அவை தோலின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கூடையின்மேல் சாக்கையோ தாளையோ இழுத்துப் போர்த்தி, சூடான தாரைப் பூசிவிட்டால் வேலை முடிந்தது. கிழிந்தால் கரையிலேயே அடுப்பு மூட்டித் தாரைக் காய்ச்சி, ஒரு துண்டுச் சாக்கை ஒட்டிவிட்டுப் பிற்பகலில் மீன்பிடிக்கப் போய்விடலாம். மேலே போர்த்தியது ஆலைச் சரக்கு. எலும்புக்கூடு அதே பழைய மூங்கில். இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் பரிசல்காரர்களே. எந்தப் பொறியாளரும் வந்து சொல்லித் தரவில்லை.

அடுத்த மாற்றம் வேறு வகையானது. கண்ணாடியை மெல்லிய இழையாக இழுக்கும் தொழில் 1930களில் அமெரிக்காவில் வளர்ந்தது. அந்த இழையைப் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்து இறுகவிட்டால் எடை குறைந்த, வலுவான தகடு கிடைக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு உலகெங்கும் சிறு படகுகள் இதில் உருவாயின. அச்சின்மேல் மெழுகு தடவி, வழவழப்பான மேற்பூச்சுப் பூசி, கண்ணாடியிழைப் பாயை அடுக்கடுக்காகப் பிசினில் நனைத்து ஒட்டுவார்கள். இறுகியதும் அச்சிலிருந்து கழற்றினால் படகு. மலையின் ஏரிகளுக்கு இத்தகைய படகுகள் வந்தன. நீர்த்தேக்கங்களில் வலை போடுகிறவர்களுக்குக் கண்ணாடியிழையில் வார்த்த பரிசல்களும் வந்திருக்கின்றன. உரு அதே வட்டம். ஆனால் இம்முறை சட்டை மட்டும் மாறவில்லை, எலும்புக்கூடும் போய்விட்டது.

இப்போது இரண்டையும் தண்ணீரால் நிரப்புவோம். மூங்கில் பகுதி மட்டும் 50 கிலோ உள்ள பரிசல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த மூங்கிலின் ஒப்படர்த்தி சுமார் 0.7. முழுதும் நீருக்குள் இருந்தால் அது விலக்கும் நீர் 71 லிட்டர். தாரின் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒட்டியதாதலால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மிச்சம் சுமார் 21 கிலோ மேல்நோக்கிய விசை. நிரம்பிய பரிசலும் மிதக்கிறது. அது மட்டுமன்று, விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் நீருக்கு மேலே வைத்திருக்கும் மூன்று பேரையாவது தாங்குகிறது. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோதான்.

இனி 60 கிலோ எடையுள்ள கண்ணாடியிழைப் பரிசல். கையால் பூசிய கண்ணாடியிழைத் தகட்டின் ஒப்படர்த்தி சுமார் 1.5. அது விலக்கும் நீர் 40 லிட்டர்தான். 20 கிலோ குறைகிறது. நீர் நிரம்பினால் அது நேரே அடிமட்டத்துக்குப் போகும், பிடித்துக்கொண்டவரையும் இழுத்துக்கொண்டு. கவிழ்ந்த படகுக்குள் காற்று சிக்கிக்கொண்டு சற்று நேரம் மிதப்பது உண்டு. அந்தக் காற்றை நம்பி யாரும் உயிரை வைக்கலாகாது.

மூங்கில் தான் செய்துவந்த காவல் வேலையைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அதை எடுத்துவிட்டபோதுதான் அந்த வேலை கண்ணுக்குத் தெரிந்தது. கடலிலும் இதே கதைதான். கட்டுமரம் வெறும் மரக்கட்டைகளின் கட்டு. அதற்குள் நீர் நிரம்ப உள்ளே இடமே இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெரும் எண்ணிக்கையில் வந்தபோது, கட்டுமரத்துக்கு இயல்பாக இருந்த மூழ்காத் தன்மையைப் படகுக்குள் தனியாகப் பொருத்த வேண்டியதாயிற்று.

எப்படிப் பொருத்துவது? காற்று அடைத்த அறைகள் அல்லது நுரைப் பிளாஸ்டிக் அடைத்த பெட்டிகள். இருக்கைப் பலகைக்கு அடியிலோ விளிம்பின் உட்புறத்திலோ அவற்றை அமைக்கிறார்கள். நம் 60 கிலோ பரிசல் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளவே 20 லிட்டர் நுரை வேண்டும். மூன்று பேர் பிடித்துத் தொங்க ஆளுக்கு 10 லிட்டர் கூட்டினால் 50 லிட்டர். குடிநீர்க் கேன் இரண்டரை அளவு. பெரிய இடமொன்றும் அன்று. அதை இரு பக்கமும் சமமாகப் பிரித்து, விளிம்பை ஒட்டி உயரமாக வைக்க வேண்டும். அடியில் மொத்தமாக வைத்தால் நீர் நிரம்பிய படகு குப்புறப் புரண்டுவிடும்.

ஆபத்து இதற்குப் பிறகுதான் நுழைகிறது. படகு கைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் அதைத் தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்கிறார்கள். துடுப்பு மாட்ட ஒரு கொக்கி, வலை வைக்க ஒரு பலகை, விளக்கு தொங்கவிட ஒரு குழாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. துளை காற்றறையின் சுவரில் விழுந்தால் அறை மெல்ல நீரால் நிரம்பும். வெளியே ஒன்றும் தெரியாது. படகு வழக்கத்தைவிடக் கனக்கிறதே என்று தோன்றும்போது காவல் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். நுரை அடைத்த பெட்டி இந்த விஷயத்தில் மேல். துளை விழுந்தாலும் நுரையின் அறைகள் தனித்தனியானவை. எங்கு துளையிட்டாலும் அதன் ஓரத்தைப் பிசினால் அடைத்துவிட வேண்டும். இல்லையேல் தகட்டின் அடுக்குகளுக்கிடையே நீர் ஊறும். திருகின் தலை உட்புறம் துருத்திக்கொண்டிருந்தால் வலை மாட்டும். வலை மாட்டினால் ஆள் எழுந்து நின்று இழுப்பார். வட்டப் படகில் ஓரமாக எழுந்து நிற்பதுதான் கவிழ்வதற்குக் குறுக்குவழி. மூங்கில் பரிசலில் கயிற்றால் கட்டினார்கள். கண்ணாடியிழையிலும் கூடியவரை கயிற்றால் கட்டுவதே நல்லது என்பது என் கருத்து.

மலைமேல் இன்னும் சில கவலைகள் உண்டு. உதகை ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1820களில் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடையைத் தடுத்து உண்டாக்கிய செயற்கை ஏரி அது. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,200 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே, கடற்கரையில் 10 குதிரைத்திறன் தரும் பெட்ரோல் இயந்திரம் மேலே சுமார் 8 தான் தரும். புற ஊதாக்கதிர் சமவெளியைவிட மிகுதி; பிளாஸ்டிக்கின் மேற்பூச்சு சீக்கிரம் வெளுத்துப் பொடியாகும். ஒட்டுப்போட நினைத்தாலோ, பாலியெஸ்டர் பிசின் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே சரியாக இறுகாது. டிசம்பர் காலையில் பூசினால் மாலைவரை பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். நண்பகல் வெயிலில், நன்றாக உலர்ந்த பரப்பில்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். தாரைக் காய்ச்சி ஊற்றுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பழுதுபார்க்கும் அறிவு ஆற்றங்கரையிலிருந்து பட்டறைக்கு இடம் மாறிவிட்டது என்பதும் இந்த மாற்றத்துக்குக் கொடுத்த விலைதான்.

இதனால் கண்ணாடியிழையை வேண்டாம் என்று ஒதுக்க முடியுமா? முடியாது. மூங்கில் பரிசல் சில ஆண்டுகளில் நைந்துவிடுகிறது. கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைக்காவிட்டால் மூங்கிலே நீரை உறிஞ்சிக் கனத்து, மேலே சொன்ன 21 கிலோவும் கரைந்து போகும். பூச்சியும் அரிக்கும். கண்ணாடியிழையை நன்றாகப் பேணினால் பல ஆண்டுகள் உழைக்கும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க விரும்பினால் ஒரு வாளி நீரில் சிறு மூங்கில் கூடையையும் எவர்சில்வர் கிண்ணத்தையும் முழுதாக அமிழ்த்திக் கையை எடுத்துவிடுங்கள். பிறகு கிண்ணத்தின் விளிம்பில் இரு பக்கமும் தெர்மாகோல் துண்டுகளைக் கட்டி, அது மிதக்கும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். உண்மையான படகுக்கும் சோதனை இதுதான். இடுப்பளவு ஆழத்தில், கரையோரமாக, கயிறு கட்டி, வாளியால் நீரை அள்ளி விளிம்புவரை ஊற்ற வேண்டும். விளிம்பு நீருக்கு மேலே நின்றால் இருவர் இரு பக்கமும் பிடித்துத் தொங்கிப் பார்க்கலாம். புதிய கொக்கியோ பலகையோ பொருத்திய ஒவ்வொரு தடவையும், படகை ஆழத்துக்குக் கொண்டுபோகும் முன், இதை மறுபடி செய்ய வேண்டும்.