ஓடி முடித்த இரவில் கால் இழுத்துக்கொள்கிறதா?

காலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 21 கிலோமீட்டர் ஓடினீர்கள். நள்ளிரவில் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகுகிறது. என்ன செய்யலாம்?

முழங்காலை நீட்டி, கால்விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். கை எட்டலையா? பாதத்தில் துண்டை மாட்டி இழுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் விட்டுவிடும். பிறகு சதையை மெதுவாக நீவிவிடுங்கள்.

"தண்ணி குடிக்கலை, அதான்" என்பார்கள். நம்ம ஊர் வெயிலில் தண்ணீர் அவசியம்தான். ஆனால் களைத்துப்போன தசையை நரம்பு விடாமல் சுருங்கச் சொல்வதே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். வாழைப்பழத்தை மட்டும் நம்பினால் போதாது. ஓடும் தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். படுக்கும் முன் சுவரில் கைவைத்து, குதிகாலைத் தரையில் ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுங்கள். போர்வையைக் காலடியில் இறுக்கிச் செருகவேண்டாம்.

குயினைன் மாத்திரையை யாராவது சொன்னால் வாங்கிவிடாதீர்கள். அது இதயத் துடிப்பையும் ரத்தத் தட்டணுக்களையும் பாதிக்கக்கூடும்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறதா? ரத்தம் உறைந்திருக்கலாம். கடும் வலியோடு சிறுநீர் கோப்பி ஓ நிறத்தில் போகிறதா? தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.